சென்னைப் புழுக்கத்தில் இரண்டு ஆம்பர் வாசனைகள்

வாசனைத் திரவியங்களில் ஆம்பர் என்பது ஒற்றைப் பொருளின் மணமன்று. லாப்டனம் பிசின், சாம்பிராணி, வெனிலா முதலியவை கூடிப் பிறக்கும் கலவை. செர்ஜ் லூட்டன்ஸ் என்ற பிரெஞ்சு வாசனைத் திரவிய நிறுவனத்தின் ஆம்ப்ர் சுல்தானையும், மேசான் பிரான்சிஸ் குர்க்ஜியான் நிறுவனத்திலிருந்து 2016இல் வெளிவந்த கிராண்ட் சுவாரையும் கைக்கு ஒன்றாகத் தெளித்துக்கொண்டு, ஒரு வாரம் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடந்து பார்த்தேன்.

சுல்தானில் முதலில் எழுவது பிரிஞ்சி இலையை நினைவூட்டும் மூலிகைக் கசப்பு. வியர்வை அரும்பும் தோலில் அது மெல்ல அடங்கி, வெள்ளிக்கிழமை மாலை தூபக்காலில் சாம்பிராணி போட்டு அரைமணி நேரம் கழித்து வீட்டுத் திரைச்சீலையில் தங்கியிருக்கும் மணமாக மாறுகிறது. அந்த மாற்றத்திற்காகவே மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப முகர்ந்தேன். கிராண்ட் சுவாரில் தொடக்கம் முதலே இனிப்பு. குளிரூட்டிய கல்யாண மண்டபத்தில் பட்டுச் சேலைக்கு அது மிகப் பொருத்தம். மே மாதப் பேருந்துப் பயணத்திற்குச் சற்றுக் கனம். அன்றாடம் பேருந்தில் செல்பவள் என்பதால் சுல்தானையே வாங்கினேன்.