திருகோணமலையில பிஸ்னஸ் படிக்கிற பிள்ளையளுக்கு ட்ரெய்னிங்: பேங்கா, ஓடிட் ஒஃபிஸா, ஹொட்டேலா, கொழும்பா?

கோணேசபுரி கம்பஸ்ல பிஸ்னஸ் படிக்கிற பிள்ளையள் மூண்டு பேர் போன கிழமை வீட்ட வந்து இருந்து, அண்ணா ட்ரெய்னிங்குக்கு எங்க அப்ளை பண்ணுறது எண்டு கேட்டாங்க. ஒருத்திக்கு அப்பா பேங்க்தான் எண்டு சொல்லிப்போட்டாராம், ஒருத்தன் கொழும்பு எண்டு நிக்கிறான், மற்றவனுக்கு எங்க கிடைச்சாலும் சரி. நான் படிக்கேக்க டவுன்ல பேங்க் ஒண்டில ரெண்டு மாசம், பேந்து ஓடிட் ஒஃபிஸ் ஒண்டில ஆறு மாசம் இருந்தனான், இப்ப உப்புவெளிப் பக்கம் ஹொட்டேல் ஒண்டில அக்கவுண்ட்ஸ் பாக்கிறன், அதால அவங்களுக்குச் சொன்னதையே இங்கயும் கொஞ்சம் விரிவா எழுதுறன்.

என்ர முடிவை முதல்லயே சொல்லுறன். ஃபினான்ஸ், அக்கவுண்டிங் பக்கம் போற பிள்ளை எண்டா டவுனுக்குள்ள இருக்கிற சின்ன ஓடிட் ஒஃபிஸ்தான் முதலாவது. ரெண்டாவது ஹொட்டேல், ஆனா மாசம் பாத்துப் போகோணும். மூண்டாவது கொழும்பு. பேங்க் கடைசி. இதைச் சொன்னா கனபேருக்குக் கோபம் வரும் எண்டு தெரியும், ஏனெண்டா எங்கட வீடுகள்ல பேங்க் எண்டா ஒரு மரியாதை, பிள்ளை டை கட்டிக்கொண்டு ஏசிக்குள்ள இருக்குது எண்டு அம்மாமார் சொல்லிச் சந்தோசப்படுவினம். அந்தச் சந்தோசத்தை நான் குறை சொல்லேல்ல, என்ர அம்மாவும் அப்படித்தான் சந்தோசப்பட்டவ.

பேங்க்ல என்ன பிரச்சினை எண்டா, வாடிக்கையாளர்ட கணக்கு விபரம் ரகசியம், அதால ட்ரெய்னியா வாற பிள்ளைக்கு சிஸ்டத்துக்குள்ள போக லொகின் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது. அப்ப மிச்சம் என்ன இருக்கு? வவுச்சர் அடுக்கிறது, கணக்குத் திறக்கிற ஃபோம் நிரப்ப ஆக்களுக்கு உதவி செய்யுறது, ஐடென்டிடி கார்ட் போட்டோ கொப்பி எடுக்கிறது. நான் இருந்த ப்ராஞ்ச்ல, பேர் வேண்டாம், முதல் மூண்டு கிழமையும் பழைய ஃபைலுக்கு நம்பர் ஒட்டினதுதான் வேலை. ரெண்டு மாசம் முடியேக்க லோன் செக்ஷன்ல இருந்த அக்கா ஒராள் பாவப்பட்டு, கிரிப் ரிப்போட்டை எப்படி வாசிக்கிறது, ஒருத்தருக்கு வேற பேங்க்ல இருக்கிற கடனையும் அதில பிந்திக் கட்டினதையும் எப்படிப் பாக்கிறது எண்டு சொல்லித் தந்தா, அதோட நகை அடகு செக்ஷன்ல கரட் எப்படிப் பாக்கிறாங்க, நகைட பெறுமதியில எவ்வளவு வரைக்கும் குடுக்கலாம் எண்டும் பாத்தன். அந்த ரெண்டு நாளும் உண்மையில பிரயோசனம். ஆனா ரெண்டு மாசத்தில ரெண்டு நாள். பேங்க்லதான் வேலை எண்டு முடிவெடுத்த பிள்ளை எண்டா போகலாம், அப்பயும் லோன் செக்ஷன்ல விடுவீங்களா எண்டு முதல்லயே மனேஜரிட்டக் கேட்டுப்போட்டுப் போங்க.

ஓடிட் ஒஃபிஸ் அப்படியில்லை. அங்க போன ரெண்டாவது நாளே என்ர மேசையில ஒரு ஹார்ட்வெயார் கடைட பில்லுகள் ஷொப்பிங் பேக்கோட வந்து விழுந்தது, ஒரு வருசத்துப் பில், மழைத் தண்ணி பட்டு ஒட்டிப்போய். அதைப் பிரிச்சு, திகதி வாரியா அடுக்கி, எக்ஸெல்ல போட்டு, பேங்க் ஸ்டேட்மென்டோட ஒப்பிட்டு, ட்ரயல் பலன்ஸ், அதாவது டெபிட்டும் க்ரெடிட்டும் சமப்படுதா எண்டு பாக்கிற பட்டியல், வரைக்கும் கொண்டுபோறது முழுக்க என்ர வேலை. கம்பஸ்ல ட்ரயல் பலன்ஸ் எண்டா கேள்வியில எல்லாத் தொகையும் தந்திருப்பாங்க, கடைசியில சமப்படும். இங்க சமப்படேல்ல, 27,000 வித்தியாசம். ஒண்டரை நாள் தேடினன், ஒவ்வொரு பில்லாத் திருப்பித் திருப்பிப் பாத்தன், கிடைக்கேல்ல. பின்னேரம் ஒஃபிஸ் நடத்துற சேர் வந்து பக்கத்தில நிண்டு கல்குலேட்டர்ல ஒருக்காத் தட்டிப்போட்டு, தம்பி இது ஒன்பதால மிச்சமில்லாமப் பிரியுது, அப்ப இலக்கம் ரெண்டு இடம் மாறி விழுந்திருக்கும், பிரிச்சா வாறது மூவாயிரம், அதால ஆயிரம் இடத்தையும் பத்தாயிரம் இடத்தையும் பாருங்க, ரெண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் மூண்டா இருக்கோணும் எண்டார். ஐஞ்சு நிமிசத்தில கண்டுபிடிச்சன், சப்ளையர் ஒராளுக்குக் குடுத்த செக் கேஷ் புக்ல 63,450, லெட்ஜர்ல 36,450 எண்டு போட்டிருந்தன். ஒன்பதால பிரியாட்டி வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடிப் பாருங்க, டெபிட்ல போடவேண்டியது க்ரெடிட்ல போயிருக்கலாம் எண்டதும் அவர் சொன்னதுதான். இண்டைக்கும் ஹொட்டேல்ல மாசக் கடைசியில நான் முதல் செய்யுற வேலை அந்த ஒன்பதால பிரிக்கிறதுதான்.

இப்படிப்பட்ட ஒஃபிஸ்ல வாற ஆக்களும் பலவிதம், மெயின் ஸ்ட்ரீட் கடைக்காரர், கந்தளாய்ப் பக்கம் ரைஸ் மில் வைச்சிருக்கிறவர், ரோட்டு வேலை எடுக்கிற கொன்ட்ராக்டர், போட் வைச்சு மீன் ஏத்துறவர். ஒவ்வொரு தொழிலுக்கும் காசு எங்கயிருந்து வருது, எங்க தேங்கி நிக்குது எண்டு ஆறு மாசத்தில ஒரு பிடி பிடிபட்டிடும். வரி வேலையும் அப்படித்தான், ராமிஸ் எண்ட வரித் திணைக்களச் சிஸ்டத்தில ரிட்டர்ன் போடுறது, வற் வரி 2024 ஜனவரியில 18% ஆனதுக்குப் பிறகு கடைக்காரர் விலையை எப்படி மாத்தினாங்க எண்டு கணக்கில பாக்கிறது, ஊழியருக்கு ஈபிஎஃப் (சேமலாப நிதி) 8% பிடிச்சு முதலாளி 12% போட்டு, அதோட ஈடிஎஃப் (நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3% கட்டுறது, எல்லாம் கையால செய்துதான் பழகினன்.

குறை இல்லாமலும் இல்லை. அலவன்ஸ் கொஞ்சம்தான், சில இடத்தில பஸ் காசு மட்டும்தான் தருவாங்க. ஸீவியில போட்டா கொழும்பில ஒருத்தருக்கும் அந்தப் பேர் தெரியாது. சேர்ட குணத்தைப் பொறுத்துத்தான் எல்லாம், சொல்லித் தராத ஆளிட்டப் போய் விழுந்தா ஆறு மாசமும் டைப்பிங்தான், அதால முந்தி அங்க இருந்த பிள்ளையள் ரெண்டு பேரிட்டயாவது விசாரிச்சுப்போட்டுப் போங்க. அதோட முக்கியமான விசயம், சிஏ, அதாவது பட்டயக் கணக்காளர் படிப்பு, செய்யுற எண்ணம் இருக்கிற ஆக்கள் அந்த ஒஃபிஸ் சிஏ ஸ்ரீலங்கா அங்கீகரிச்ச ட்ரெய்னிங் இடமா எண்டு கட்டாயம் பாருங்க. மூண்டு வருச ப்ரக்டிகல் ட்ரெய்னிங் தேவை, அங்கீகாரம் இல்லாத இடத்தில இருந்த மாசங்கள் அந்தக் கணக்கில வராது.

இனி ஒருத்தரும் பெரிசா யோசிக்காத ஒரு விசயம், மாசம். ட்ரெய்னிங் செமஸ்டர் எந்த மாசத்தில விழுகுது எண்டு பாத்து இடத்தைத் தெரிவு செய்யுங்க. எங்கட கடற்கரை சீசன் மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும், பேந்து வாடைக்காத்தும் மழையும், நவம்பர் டிசம்பர்ல நிலாவெளிப் பக்கம் போனா கதிரை எல்லாம் உள்ளுக்குத் தூக்கி அடுக்கியிருக்கும். வரிப் பக்கம் அப்படியே எதிர்மாறு, மார்ச் 31ல வருசம் முடிஞ்சு நவம்பர் 30க்கு முதல் வருமான வரி ரிட்டர்ன் போடோணும், அதால செப்டம்பர் தொடங்கி ஓடிட் ஒஃபிஸ்ல மூச்சு விட நேரமில்லை. கூடின வேலை இருக்கிற நேரம்தான் ட்ரெய்னிக்கும் உண்மையான வேலை குடுப்பாங்க, சும்மா இருக்கிற நேரம் போனா நீங்களும் சும்மாதான் இருப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒராள் நல்ல கெட்டிக்காரன், நவம்பர்ல ஹொட்டேல் ஒண்டுக்குப் போய் மூண்டு மாசமும் பழைய இன்வொய்ஸ் ஸ்கேன் பண்ணிப்போட்டு வந்தான், அவனில ஒரு பிழையும் இல்லை, மாசம்தான் பிழை.

சீசனுக்குப் போனா ஹொட்டேல் மாதிரி இடம் வராது. ரிசெப்ஷனுக்கு நிக்கப்போறீங்க எண்டு வீட்டுக்காரர் நினைப்பினம், நான் சொல்லுறது பின்னால இருக்கிற அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், ரிசர்வேஷன். ஒரு சின்னக் கணக்கு பாருங்க, 40 ரூம் இருக்கிற ஹொட்டேல் எண்டு வையுங்க, ஓகஸ்ட்ல ஒரு ராத்திரிக்கு 36 ரூம் 20,000 படி போனா 720,000 ரூவா, அதை 40 ரூமுக்கும் பிரிச்சா ரூமுக்கு 18,000. நவம்பர்ல 8 ரூம் 9,000 படி போனா 72,000, ரூமுக்கு 1,800. வருமானம் பத்தில ஒண்டாப் போச்சு, ஆனா சம்பளம் பத்தில ஒண்டாப் போகாது, ஜெனரேட்டர் சேர்விஸ் குறையாது, லோன் கட்டுற தவணையும் குறையாது. ஃபிக்ஸ்ட் கொஸ்ட் எண்டு லெக்சர்ல படிச்சதை நான் வடிவா விளங்கினது அந்த நவம்பர் மாசம் சம்பளப் பட்டியல் போடேக்கதான்.

ஸ்டோர்ஸ்லயும் ஒரு கிழமையாவது நில்லுங்க. காலையில மீன் வரேக்க எங்கட ஸ்டோர் கீப்பர் அண்ணா அறக்குளாவைத் தராசில வைச்சு நிறை எழுதுவார், பேந்து வெட்டிக் கழுவினாப் பிறகு திரும்ப நிறுத்து எழுதுவார். முதல்ல எனக்கு விளங்கேல்ல, ஏன் ரெண்டு தரம் எண்டு. 10 கிலோ 2,000 படி வாங்கினா 20,000, தலை முள்ளு போய் ஆறரைக் கிலோதான் சட்டிக்குப் போகும் எண்டா கிலோ கிட்டத்தட்ட 3,080 ரூவா விழும், 200 கிராம் துண்டு ஒண்டு 615 ரூவா. ஒருத்தர் 2,000 ரூவாவையே வைச்சுக் கணக்குப் பாத்தா அந்தத் துண்டு 400 ரூவா எண்டு நினைச்சு மெனு விலை போட்டிடுவார், அப்படிப் போட்டா விக்கிற ஒவ்வொரு துண்டிலயும் 215 ரூவா கண்ணுக்குத் தெரியாமப் போய்க்கொண்டிருக்கும். இந்தச் சம்பவத்தை இன்டர்வியூவில சொன்னா கேக்கிற ஆள் நிமிர்ந்து இருப்பார், நான் சொல்லிப் பாத்திருக்கிறன். மார்கெட்டிங் பிள்ளையளுக்கும் ஹொட்டேல் நல்லம், புக்கிங் டாட் கொம் மாதிரி தளங்களுக்குப் போற கமிஷனையும் நேரடியா வாற புக்கிங்கையும் ஒப்பிட்டுப் பாக்கிறது உண்மையான மார்கெட்டிங் வேலை.

கொழும்பை நான் மூண்டாவதாப் போட்டதுக்குக் காரணம் அங்க பழக ஒண்டுமில்லை எண்டு இல்லை. பெரிய கொம்பனியில சிஸ்டம் பழகலாம், இங்கிலீஷ் வாயில வரும், சிங்களமும் வரும், அது பேந்து திருகோணமலைக்கே திரும்பி வந்தாலும் உதவும். ஆனா பெரிய இடத்தில உங்களுக்குக் கிடைக்கிறது ஒரு துண்டு வேலை. எங்கட ஒழுங்கையில இருக்கிற தங்கச்சி ஒராள் ஆறு மாசமும் பேர்சேஸ் ஓடர், சாமான் வந்த நோட், இன்வொய்ஸ் மூண்டையும் பொருத்திப் பாக்கிற வேலை மட்டும்தான் செய்தா, அதில அவ இப்ப கெட்டிக்காரி, ஆனா ஒரு முழுக் கணக்கை முடிக்கச் சொன்னா பயப்படுறா. காசுக் கணக்கையும் பாக்கோணும். அவவுக்கு அலவன்ஸ் 30,000, வெள்ளவத்தையில போர்டிங்குக்கே 18,000 போய், மிச்சத்தில சாப்பாடும் பஸ்ஸும் ஓடாம வீட்டில இருந்து மாசம் மாசம் காசு போனது. ராத்திரி பஸ்ல ஏறி விடியக் கொழும்பில இறங்கி அப்படியே வேலைக்குப் போற பிள்ளையளையும் தெரியும், அவங்கட கஷ்டம் லேசில்லை. வீட்டில அந்தச் செலவைத் தாங்கலாம், டிக்ரி முடிய கொழும்பிலதான் வேலை எண்டு முடிவெடுத்தாச்சு எண்டா யோசிக்காமப் போங்க. அட்வர்டைசிங் மாதிரி லைனுக்கு இங்க இடமே இல்லை, அவங்களுக்குக் கொழும்புதான் சரி.

சீனன்குடாப் பக்கம் மா மில், சீமெந்து ஃபக்டரி, எண்ணெய்த் தாங்கி எண்டு பெரிய இடங்கள் வாசல்லயே இருக்கு. சப்ளை செயின் விருப்பமான பிள்ளையளுக்கு அங்க கிடைச்சா விடவேண்டாம், கப்பல்ல கோதுமை வந்து லொறியில மா மூட்டை போற வரைக்கும் ஒரே இடத்தில பாக்கிற வாய்ப்பு லேசில கிடைக்காது. எடுக்கிற ஆக்கள் குறைவு, அதால முந்தியே எழுதோணும். கச்சேரி (மாவட்டச் செயலகம்), மாகாண சபை ஒஃபிஸ் எண்டா அரச காசுக்கான விதியள் இருக்கிற நிதிப் பிரமாணமும், செலவைப் பதியுற வோட் லெட்ஜரும் பழகலாம், அரச வேலைக்குப் போட்டிப் பரீட்சை எழுதப்போற ஆக்களுக்கு மட்டும் சொல்லுவன்.

எங்க போறதெண்டாலும் போக முதல் எக்ஸெல்ல பிவட் டேபிளும் விலுக்கப்பும் (VLOOKUP) பழகிப்போட்டுப் போங்க, அது தெரியாமப் போனா முதல் மாசம் அதிலயே போயிடும். ஸீவி ஒரு பக்கம் போதும். மெயில் அனுப்பிப்போட்டு வீட்டில இருக்கவேண்டாம், டவுன் ஒஃபிஸ்களில மெயில் பாக்கிறது குறைவு, கம்பஸ் கடிதத்தோட நேர போங்க, பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு போனா சேர்மார் கொஞ்சம் ஆறுதலாக் கதைப்பாங்க. உள்ள போய் இருந்ததும் கேக்கவேண்டியது அலவன்ஸை இல்லை, முதல் மாசம் எனக்கு எந்த ஃபைல் தருவீங்க எண்டு கேளுங்க. ஃபைல்ட பேரைச் சொல்லிப் பதில் சொன்ன இடமெண்டா போங்க, வந்து பாருங்கோவன் எண்டு சொன்னா இன்னொரு இடத்தையும் கேட்டு வையுங்க.

அந்த மூண்டு பேருக்கும் ஓகஸ்ட்ல செமஸ்டர் தொடங்குது. பேங்க் எண்டு சொன்ன அப்பாவோட நான் கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன், ஞாயிற்றுக்கிழமை அவங்கட வீட்ட போகோணும், என்ர பழைய ட்ரயல் பலன்ஸ் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு போறன், மகள் ஆறு மாசத்தில என்ன செய்வா எண்டு அவர் கண்ணால பாக்கட்டும்.