ரிலே அறை லாகரா, கையடக்க லாகரா? சிக்னல் கண்காணிப்பில் எது எங்கே பொருந்தும்

ரயில்வே சிக்னல் பிரிவில் டேட்டா லாகர் (நடப்பதை நேரத்தோடு பதியும் கருவி) என்றால், ரிலே அறையில் (சிக்னலை இயக்கும் மின் சுவிட்சுகளான ரிலேக்கள் இருக்கும் அறை) அலமாரி போல நிற்கும் பெட்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இப்போது கையில் அடங்கும் லாகர்களும் சந்தையில் வந்துவிட்டன. தண்டவாள ஓரம் இருக்கும் லொகேஷன் பாக்ஸ் என்ற ஒயரிங் பெட்டிக்குள் பொருத்தி சிம் கார்டைப் போட்டால் போதும், தகவல் வரத் தொடங்கிவிடும். அப்புறம் எதற்குப் பெரிய பெட்டி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கில் விபத்து விசாரணைக்குப் பெரியது, பாயிண்டை, அதாவது ரயில் தடம் மாறும் இடத்தை, நகர்த்தும் பாயிண்ட் மெஷினுக்குச் சிறியது. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுத்தால் காசுதான் வீண்.

பெரியதை முதலில் பார்ப்போம். இந்திய ரயில்வேயில் தர நிர்ணய அமைப்பான ஆர்டிஎஸ்ஓவின் ஐஆர்எஸ்: எஸ் 99/2006 விவரக்குறிப்பின்படி வரும் லாகரில் 512 டிஜிட்டல் (ஆன்/ஆஃப் நிலையை மட்டும் சொல்லும்) உள்ளீடுகள் இருக்கும், 4096 வரை நீட்டிக்கலாம். ஒவ்வோர் உள்ளீட்டையும் 16 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்த்து, 10 லட்சம் நிகழ்வுகள் வரை சேமித்து வைக்கும். ரிலேக்களில் பயன்படுத்தாமல் இருக்கும் கான்டாக்டுகளிலிருந்து ஒயர் எடுப்பதால் முரண்பட்ட சிக்னல்கள் ஒன்றாக விழாமல் தடுக்கும் இன்டர்லாக்கிங் சர்க்யூட்டை அது தொடுவதில்லை. எந்த ட்ராக் ரிலே முதலில் விழுந்தது (அங்கே ரயில் வந்ததற்கான அடையாளம்), சிக்னல் எப்போது சிவப்புக்குப் போனது, ரிலே அறைக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்று வரிசை மாறாமல் சொல்ல இதற்கு ஈடு கிடையாது.

அதன் பலவீனம் அனலாக் பக்கம் இருக்கிறது. மின்னழுத்தம், மின்னோட்டம் போன்றவற்றை அது சுமார் ஒரு செகண்டுக்கு ஒருமுறைதான் அளக்கிறது. பேட்டரி வோல்டேஜுக்கு இது தாராளம். பாயிண்ட் மெஷினோ 3 முதல் 5 செகண்டுக்குள் வேலையை முடித்துவிடும். அந்த நேரத்தில் நான்கைந்து புள்ளிகளை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிக்க முடியும்? கமாண்ட் போனதிலிருந்து டிடெக்‌ஷன் ரிலே (பாயிண்ட் சரியாக அமர்ந்ததை உறுதி செய்வது) எழும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதை டிஜிட்டல் பதிவிலிருந்து துல்லியமாகக் கணக்கிடலாம்தான். நேரம் கூடியிருப்பது தெரியும், ஏன் கூடியது என்று தெரியாது.

கையடக்க லாகர் கைகொடுப்பது இங்கேதான். மோட்டாருக்குப் போகும் ஒயரை வெட்டாமல், சுற்றிலும் ஒரு சென்சாரை மாட்டிவிட்டு, செகண்டுக்கு நூறு முறைக்கு மேல் கரண்டை அளக்கிறது. கிடைக்கும் வளைகோடு ஈசிஜி மாதிரி. தொடக்கத்தில் ஒரு துள்ளல், பாயிண்டைப் பூட்டும் லாக் விடுபடும் இடம், அசையும் நாக்குத் தண்டவாளம் நகரும் சமதளம், மறுபடி லாக் விழும்போது சின்ன மேடு, பிறகு கட். நாக்கு வழுக்கிச் செல்லும் ஸ்லைட் சேரில் எண்ணெய் வறண்டால் அந்தச் சமதளம் வாரக்கணக்கில் மெல்ல உயரும். லாக் இறுக்கமானால் கடைசி மேடு பெருக்கும். நாக்குக்கும் அது ஒட்டி நிற்க வேண்டிய அசையாத ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே ஜல்லி சிக்கினால் கிளட்ச் வழுக்கி, கரண்ட் ஏறிய இடத்திலேயே நிற்கும். ஜல்லியை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மற்ற இரண்டும் பாயிண்ட் ஃபெயிலியர் ஆகும் முன்பே கண்ணில் படும்.

ஒரே மாடல் மெஷின் இரண்டு இருந்தாலும் கோடு ஒன்றுபோல இருக்காது. அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மாதிரிக் கோடு எடுத்து வைக்க வேண்டும், மெஷினை மாற்றியதும் புதிதாக எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பொதுவான ஒரு வரம்பை வைத்தால், நாள் முழுக்க அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் மெயின்டெய்னர் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

லெவல் கிராசிங் கேட், ஆட்டோ ஹட் (ஸ்டேஷன்களுக்கு நடுவே இருக்கும் தானியங்கி சிக்னல் அறை) போன்ற இடங்களுக்கு ஆர்டியூ (தொலைவிலிருந்து தகவல் அனுப்பும் பெட்டி) என்ற நடுத்தர வழி உண்டு. பக்கத்து ஸ்டேஷன் லாகரோடு இணைவதால் பதிவுகள் ஓரிடத்தில் சேரும். நிகழ்வு மட்டும் போதும் என்றால் இதுவே போதும்.

ரிலேக்குப் பதில் கணினியால் இயங்கும் எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் வைத்திருக்கும் ஸ்டேஷன்களில், அதிலேயே ஈவென்ட் லாக் (நிகழ்வுப் பதிவு) இருக்கிறதே, தனி லாகர் எதற்கு என்பார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். தனக்கு உள்ளே வந்ததும் தன்னிடமிருந்து போனதும்தான் அந்த லாகுக்குத் தெரியும். வெளியே இருக்கும் ஒயரிங்கை அது அறியாது. ஆனால் தனி லாகருக்கும் ஒரு எல்லை உண்டு. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹனகா பஜாரில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை விழுந்தது, 17ஏ/பி கிராஸ்ஓவரோ (தடம் மாற்றும் பாயிண்ட் ஜோடி) பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கு கூம்டியில் (தண்டவாள ஓரச் சிக்னல் அறை) முன்பு செய்த சர்க்யூட் மாற்றத்திலும், 94ஆம் எண் கேட்டின் தடுப்பு மாற்றும் வேலையிலும் நடந்த தவறுகளே காரணம் என்றது பாதுகாப்பு ஆணையர் விசாரணை. டிடெக்‌ஷன் ஒயரிங் தப்பாக இருந்தால் எந்த லாகரும், பெரியதோ சிறியதோ, அந்தப் பொய்யை அப்படியே நேரத்தோடு எழுதி வைக்கும். ஒயரிங் மாற்றிய பிறகு பாயிண்டைக் கண்ணால் பார்த்து ஒத்துப்பார்க்கும் சோதனையை லாகரை நம்பித் தவிர்க்கக் கூடாது.

சிறிய லாகரை வாங்கும்போது கடிகாரத்தைக் கட்டாயம் விசாரியுங்கள். ரிலே அறை லாகருக்கும் இதற்கும் இரண்டு செகண்ட் வித்தியாசம் இருந்தால், எது முதலில் நடந்தது என்று இரண்டு பதிவுகளையும் வைத்துச் சொல்ல முடியாது. மொபைல் சிக்னல் கிடைக்காத இடத்தில் தகவலைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்புமா என்பதும் முக்கியம். கோடையில் லொகேஷன் பாக்ஸ் கொதிக்கும், 25 கேவி மின்கம்பிக்கு அருகே சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) வரும், எலி வேறு ஒயரைக் கடிக்கும். லித்தியம் பேட்டரியில் ஓடுவதைவிட அங்கேயே கிடைக்கும் மின்சாரத்தில் ஓடுவது எனக்கு மேலாகப் படுகிறது.

பட்ஜெட் குறைவு என்றால், எல்லா பாயிண்டுக்கும் ஒரே சமயத்தில் மாட்ட வேண்டியதில்லை. போன வருட ஃபெயிலியர் பட்டியலை எடுத்து, அதிகம் படுத்திய பாயிண்டுகளிலும் மெயின் லைன் கிராஸ்ஓவர்களிலும் முதலில் பொருத்துங்கள். யார்டு சைடிங் பாயிண்டுகளுக்கு இப்போதைக்கு ஆபரேஷன் நேரக் கணக்கே போதும்.