பஞ்சா, ஃபோமா, மஃபா? டீ ஃபேக்டரிலயும் தோட்டத்துலயும் காதுக்கு எது நிக்கும்

எங்க அப்பா கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில சிடிசி மிஷின்கிட்டயே (இலைய நசுக்கி கிழிச்சு சுருட்டுறது) 27 வருஷம் நின்னவரு. இப்ப நாம பேசுனா குரல் கேக்குதுங்கிறாரு, என்ன பேசுறோம்னு தான் புரியல, "ஏன்டா வாய்க்குள்ளயே முணங்குற"ன்னு சத்தம் போடுவாரு. அவரு சொல்றது உண்மை தான். சத்தத்தால காது போகும்போது மொதல்ல போறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்குற கீச்சு ஒலி, நம்ம பேச்சுல ச, ஸ, த மாதிரி எழுத்தோட தெளிவெல்லாம் அந்த உயரத்துல தான் இருக்கு, அ ஆ ஓ எல்லாம் கீழ இருக்கு. அதனால குரல் வரும், வார்த்தை வராது. "பசிக்குதா"ன்னு கேட்டா "படிக்கிறியா"ன்னு காதுல விழும்.

வேலைக்கு சேந்த புதுசுல ஷிஃப்ட் முடிஞ்சா காதுல ஙொய்ங்னு இருக்கும், காலைல சரியாயிடும், கொஞ்ச வருஷத்துல "காது பழகிடுச்சு"ம்பாங்க. காது பழகவே பழகாதுங்க. உள்காதுல ஒரு பக்கத்துக்கு சத்தத்த உணர்ற முடி செல்லு சுமார் 15,000 தான், செத்தா திரும்ப முளைக்காது. பழகிடுச்சுன்னு சொல்றப்ப பாதி போயிருக்கும்.

எவ்ளோ சத்தம் ஆபத்து? அமெரிக்காவோட நியோஷ், அதாவது வேலை எடத்து பாதுகாப்ப ஆராயுற அரசு அமைப்பு, சொல்றது 85 டெசிபல்னா (சத்தத்த அளக்குற அளவு) 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி, 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்கு வெறும் 15 நிமிஷம். நம்ம நாட்டு ஃபேக்டரி விதில ரொம்ப வருஷமா 8 மணி நேரத்துக்கு 90ன்னு வச்சிருக்காங்க, நான் 85ஐ தான் நம்புவேன். மீட்டர் இல்லன்னா, ஒரு கை நீளத்துல நிக்கிறவர்கிட்ட கத்தி பேச வேண்டியிருக்கா பாருங்க, அப்டின்னா 85 தாண்டிருச்சுன்னு வச்சுக்கலாம்.

சரி, இப்ப காதுல என்ன வைக்கிறது.

பஞ்சு. எங்க அப்பா வச்சது இது தான், பாதி பேரு இன்னும் இத தான் வைக்கிறாங்க. சும்மா பஞ்சு ஏழு டெசிபல் கூட தடுக்குறது கஷ்டம். வச்சிருக்கோம்ங்கிற தைரியத்துல மிஷின்கிட்ட இன்னும் நேரம் நிப்போம், அது தான் பெரிய கெடுதல். வேணாம்.

ஃபோம் பிளக், அந்த மஞ்சள் ஆரஞ்சு கலர்ல நசுங்குமே அது. சரியா வச்சா இதுக்கு மேல தடுக்குறது எதுவும் இல்ல, ஆனா பத்துல எட்டு பேரு பாட்டில் மூடி மாதிரி வெளிய ஒட்ட வச்சுட்டு விட்டுடுறாங்கன்னு தான் நான் பாத்த வரைக்கும் சொல்வேன். வெரலால நல்லா மெல்லிசா உருட்டி, இன்னொரு கைய தலைக்கு மேலா கொண்டு போயி காத மேல பின்னால இழுத்து புடிச்சு, உள்ள விட்டு, அது உப்புற வரைக்கும் அரை நிமிஷம் வெரல எடுக்காம அமுக்கி புடிக்கணும். கவர்ல 33 டெசிபல் தடுக்கும்னு போட்டுருந்தா அந்த 33 கெடைக்கும்னு நம்பாதீங்க, ஃபோமுக்கு பாதியா கணக்கு போடுங்க. ஒரு குறை, இலை கறை புடிச்ச கையால உருட்டி உள்ள விட்டா காது சீழ் வைக்கும், கை கழுவிட்டு தான் வைக்கணும், ஷிஃப்ட் நடுவுல அது நடக்குற காரியமா?

அதுக்கு தான் கயிறு கோத்த ரப்பர் பிளக், மூணு தட்டு அடுக்குன மாதிரி இருக்கும். உருட்ட வேணாம், சோப்பு போட்டு கழுவி திரும்ப வைக்கலாம், டீ குடிக்க எடுத்தா கழுத்துலயே தொங்கும். தடுப்பு ஃபோமவிட கொஞ்சம் கம்மி. ஆனா ஃபேக்டரி உள்ள முழு ஷிஃப்டும் நிக்கிறவங்களுக்கு என் ஓட்டு இதுக்கு தான், ஏன்னா கழட்டாம இருக்குறது தான் பெரிய விஷயம். 8 மணி நேரத்துல அரை மணி அந்த சத்தத்துலயே கழட்டி வச்சிருந்தீங்கன்னா, 30 டெசிபல் தடுக்குற பிளக்கா இருந்தாலும் மொத்தமா 12 அளவுக்கு தான் பலன்.

இயர் மஃப், ஹெட்போன் மாதிரி காத முழுசா மூடுறது, அத ட்ரையர் பக்கம் போட்டா வேர்த்து ஊத்தும், அங்க யாரும் ரெண்டு மணி நேரம் தாங்க மாட்டாங்க. தோட்டத்துல கதை வேற. சில்வர் ஓக் கிளை கழிக்கிறவங்க, கற்பூர மரம் (யூகலிப்டஸ்) அறுக்குறவங்க கையில இருக்குற பவர் சா 105, 110 டெசிபல் போகும், நியோஷ் கணக்குல 106க்கே 4 நிமிஷம் கூட கிடையாது. விட்டு விட்டு அறுக்குற வேலை, டக்குனு மாட்டி டக்குனு கழட்ட மஃப் தான் சரி. ஆனா நம்ம ஊரு குளிருக்கு எல்லாரும் கம்பளி தொப்பிக்கு மேல மஃப்ப மாட்டுறாங்க, தயவுசெஞ்சு அப்டி பண்ணாதீங்க, கம்பளி வழியா சத்தம் உள்ள கசியும், மூக்குக் கண்ணாடி காம்பு இருந்தாலும் அப்டி தான். தொப்பிய காதுக்கு மேல மடிச்சுட்டு, மெத்தை தோல்ல ஒட்டணும். பிளக்கும் மஃப்பும் சேத்து போட்டா ரெண்டையும் கூட்டிக்க கூடாது, கூடுதலா 5 டெசிபல் தான், ஆனா பவர் சாவுக்கு அந்த அஞ்சும் வேணும்.

போன்ல பாட்டு கேக்குற இயர்போன் இந்த பட்டியல்லயே வராது. மிஷின் சத்தத்த மீறி பாட்டு கேக்கணும்னு வால்யூம் ஏத்துறாங்க, கவாத்து மிஷின் புடிக்கிற பசங்க நெறைய பேரு இப்டி தான். ரெண்டு சத்தமும் சேந்து போகுது.

குன்னூர்லேருந்து மேட்டுப்பாளையத்துக்கு பர்லியாறு தாண்டி எறங்கும்போது காது அடைக்குறது வேற, அது காத்து அழுத்தம், எச்சி முழுங்குனா விட்டுரும். அதையும் இதையும் சேத்து "மலைல எல்லாருக்கும் அப்டி தான்"னு விட்டுறாதீங்க.

செவிட்ட சோதிக்க ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்ளோ கேக்குதுன்னு கோடு போட்டு காட்டுறது) எடுக்க போறீங்கன்னா ஷிஃப்ட் முடிஞ்ச கையோட போகாதீங்க, 14 மணி நேரமாவது சத்தத்த விட்டு விலகி இருந்துட்டு போங்க, வார லீவு முடிஞ்ச காலை சரியா இருக்கும். பேப்பர் வந்ததும் 4000க்கு நேரா கோடு பள்ளமா எறங்குதான்னு அவங்களயே காட்ட சொல்லுங்க. எங்க அப்பாவோடதுல அந்த எடத்துல ரெண்டு காதுமே குழி.