நெடுவரிசையா, மின்சுமையா: நீலகிரி மண்ணில் உலோகங்களைப் பகுக்கும் இரு முறைகள்

கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் தேயிலை பயிரிடும் ஒரு சிறு விவசாயி கையாளும் உலோகங்களை எண்ணிப் பார்த்தால், பொட்டாஷ் உரத்தில் பொட்டாசியம், டோலமைட்டில் கால்சியமும் மக்னீசியமும், இலைவழித் தெளிப்பில் துத்தநாகம், கொப்புள நோய் மருந்தில் தாமிரம் என ஆவர்த்தன அட்டவணையின் இடது ஓரத்திலிருந்து 12ஆம் நெடுவரிசை வரை அவை பரவியிருப்பது தெரியும். இவற்றைப் பகுக்க இரண்டு வழிகள் உண்டு. எலக்ட்ரான் அமைப்பின்படி 18 தொகுதிகளாக, அதாவது நெடுவரிசைகளாக, நிறுத்துவது பள்ளிப் பாடநூலின் வழி. அயனியின், அதாவது எலக்ட்ரான் இழந்து மின்சுமை பெற்ற அணுவின், மின்சுமையையும் பருமனையும் பார்த்துப் பிரிப்பது மண் ஆய்வாளரின் வழி.

இந்த மலையில் பெய்யும் மழையே முதல் சோதனையை நடத்திவிட்டது. அடியிலுள்ள சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை சிதைந்தபோது, ஒற்றை மின்சுமை கொண்ட சோடியமும் பொட்டாசியமும், இரட்டை மின்சுமை கொண்ட மக்னீசியமும் கால்சியமும் பெரும்பகுதி கரைந்து ஓடிவிட, மூன்று மின்சுமை கொண்ட அலுமினியமும் இரும்பும் ஆக்சைடுகளாகத் தங்கிவிட்டன. சோடியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 102 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அலுமினிய அயனியின் ஆரமோ 54 பிக்கோமீட்டர்தான். இவ்வளவு சிறிய இடத்தில் மூன்று மின்சுமை குவிந்திருப்பதால், அது தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளையே பிளந்து, கரையாத ஹைட்ராக்சைடாகப் படிகிறது. 8ஆம் தொகுதி இரும்பும் 13ஆம் தொகுதி அலுமினியமும் ஒரே செம்மண்ணில் ஏன் சேர்ந்திருக்கின்றன என்பதை நெடுவரிசை எண் சொல்லாது; மின்சுமை சொல்லிவிடும். தேயிலை விரும்பும் pH 4.5 முதல் 5.5 வரையிலான அமிலத்தன்மையில் அலுமினியம் சிறிதளவு கரைகிறது. பல பயிர்களின் வேரைக் கருக்கும் அந்த அயனியைத் தேயிலைச் செடி ஏற்று, முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைக்கிறது. உலர்ந்த முதிர் இலையில் கிலோவுக்குப் பல ஆயிரம் மில்லிகிராம் வரை இருக்கும்.

ஆனால் சரிவிலிருந்து இறங்கி, நீர் தேங்கி நிற்கும் பள்ளத்தாக்குச் சதுப்புக்கு வந்தால் மின்சுமை வழி தடுமாறுகிறது. அங்கே ஆக்சிஜன் குறைவு. நுண்ணுயிர்கள் இரும்பை மூன்று மின்சுமை கொண்ட +3 நிலையிலிருந்து இரண்டு மின்சுமை கொண்ட +2 நிலைக்கு இறக்குகின்றன. இரும்பு கரைந்து நகர, மண் சாம்பல் நிறமாகிறது. அலுமினியமோ அசைவதில்லை, ஏனெனில் மண்ணில் அதற்கு +3 தவிர வேறு நிலை இல்லை. மேட்டில் ஒன்றாயிருந்த இரண்டையும் பள்ளத்தில் பிரித்தது, இரும்பின் நிரம்பாத உட்கூட்டு எலக்ட்ரான்கள். அதாவது அட்டவணையின் நடுப்பகுதியில் அது பெற்றிருக்கும் இடம். மாங்கனீசும் இதே குணத்தால் அமில மண்ணில் எளிதாகக் கரைகிறது. இப்படி நடுப்பகுதியில் நிற்கும் இடைநிலை உலோகங்களைத் தனிக்கூட்டமாக வைத்தது பாடநூல் வழியின் பெரும் வலிமை என்று நான் கருதுவது இதனால்தான்.

மக்னீசியமும் துத்தநாகமும் இன்னும் நுட்பமான வழக்கு. இரண்டுக்கும் +2 நிலை. ஆரங்கள் 72, 74 பிக்கோமீட்டர். ஆவர்த்தன அட்டவணையை வகுத்த மெண்டெலீவ் 1871இல் இரண்டையும் இரண்டாம் தொகுதியில்தான் வைத்தார். இன்றைய அட்டவணை அவற்றை 2, 12 எனப் பத்து நெடுவரிசை தள்ளி வைக்கிறது. துத்தநாகத்தின் d கூடு என்னும் உட்கூடு முழுதும் நிரம்பியிருப்பதால் அதன் சல்பேட் வெள்ளையாக இருக்கிறது. பக்கத்துத் தொகுதித் தாமிரத்தின் ஆக்சிகுளோரைடு பச்சையாக இருக்கிறது. உரக்கடையில் பொட்டலங்களைப் பிரித்தாலே தெரியும் வேறுபாடு இது. செடிக்குள்ளும் அப்படியே: மக்னீசியம் பச்சையத்தின் நடுவில் அமர்கிறது. துத்தநாகமோ நொதிகளில் கந்தகம், நைட்ரஜன் அணுக்களை இறுகப் பற்றுகிறது. இந்த வேலைப் பிரிவினையை எதிர்பார்க்கச் செய்வது புதிய அட்டவணைதான். ஆகவே இவ்வழக்கில் அதற்கே என் வாக்கு.

இரண்டு வழிகளும் போதாத இடம் 12ஆம் தொகுதியின் அடியில் உள்ளது. துத்தநாகம் உயிருக்குத் தேவையான ஊட்டம். பாதரசமும் அதே நெடுவரிசை, அதே +2 நிலை. ஆயினும் துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருக, பாதரசம் மைனஸ் 39 டிகிரியிலேயே உருகி, சாதாரண வெப்பத்தில் ஆவியாகிறது. இக்கனமான அணுவில் எலக்ட்ரான்களின் வேகம் மிகுந்து, வெளிக்கூடு உட்பக்கம் சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம். பழனி மலையில், கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் பாம்பாறு சோலையை ஒட்டிய மண்ணில் கலந்தபோது, உலோகம் மண்ணோடு நின்றுவிடவில்லை. காற்றிலும் பாசியிலும் மீனிலும் ஏறியது.