தாதோங்கா, லுவோயாங்கா?

பெய்ஜிங், ஷாங்காய், சியான் மூன்றையும் பார்த்து முடித்தவர் அடுத்து எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் லுவோயாங் என்றுதான் பதில் வரும். பதின்மூன்று அரச வம்சங்களின் தலைநகரம், பியோனி மலர், லோங்மென் குகைகள் என்று பட்டியல் நீளும். வடக்கே ஷான்சி மாகாணத்தில் இருக்கும் தாதோங்கை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. சொன்னாலும், "அது நிலக்கரி ஊராச்சே" என்பார்கள். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு தாதோங்குக்கு. அங்கே போய்ப் பிழைக்க வேண்டும் என்றால் ஓட்டு லுவோயாங்குக்கு மாறிவிடும்.

இரண்டும் ஒரே வம்சத்தின் தலைநகரங்களாக இருந்தவை. வட வெய் அரசர்கள் 398 முதல் தாதோங்கிலிருந்து ஆண்டார்கள். அன்று அதன் பெயர் பிங்செங். 494-இல் பேரரசர் சியாவோவென் தலைநகரைத் தெற்கே லுவோயாங்குக்கு மாற்றினார். குகை குடையும் மரபும் கூடவே போனது. அதனால் தாதோங்கின் யுன்காங் குகைகளும் லுவோயாங்கின் லோங்மென் குகைகளும் அண்ணன் தம்பி மாதிரி.

அண்ணனிடம் ஆரம்பிப்போம். 446-இல் வட வெய் அரசர் ஒருவர் பௌத்தத்தை ஒழிக்க உத்தரவு போட்டார். அவருக்குப் பின் வந்தவர் அதை ரத்து செய்தார். 460 வாக்கில் தான்யாவ் என்ற துறவி மேற்பார்வையில் ஐந்து பெரும் புத்தர்களைக் குடையத் தொடங்கினார்கள். ஒவ்வொரு புத்தரும் ஓர் அரசரின் அடையாளம் என்பது பொதுவான கருத்து. மதமும் அரசும் சமரசம் செய்துகொண்ட இடம் என்று சொல்லலாம். மொத்தம் 51,000 சிலைகள். 20ஆம் குகையின் முன்சுவர் இடிந்துபோனதால் சுமார் 14 மீட்டர் உயர புத்தர் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். புகைப்படங்களில் வருவது இவர்தான்.

ஆனால் நம்மவர்கள் நிற்க வேண்டிய இடம் 8ஆம் குகையின் வாசல். ஒரு பக்கம் மூன்று தலை, எட்டுக் கையோடு காளைமேல் ஒருவர், மகேசுவரன். எதிர்ப்பக்கம் ஐந்து தலை, ஆறு கையோடு பறவைமேல் இன்னொருவர். குமரன் என்கிறார்கள் சில அறிஞர்கள். திருமால் என்கிறார்கள் வேறு சிலர். ஐந்தாம் நூற்றாண்டில், சீனப் பெருஞ்சுவருக்குப் பக்கத்தில், புத்தர் கோயிலுக்குத் துவாரபாலகர்களாக இவர்கள்!

லோங்மென் வேறு ரகம். யீ ஆற்றின் இரு கரையிலும் சுண்ணாம்புக்கல் பாறை. வட வெய் காலத்தில் தொடங்கினாலும், பெரிய வேலை தாங் வம்சத்தினுடையது. 17 மீட்டருக்குச் சற்று மேலான வைரோசன புத்தர் 675-இல் முடிந்தது. அதற்குப் பேரரசி வூ செதியான் தன் ஒப்பனைச் செலவுப் பணத்திலிருந்து 20,000 சரம் காசு கொடுத்ததாக அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. சுண்ணாம்புக்கல் கெட்டி என்பதால் நுணுக்கமான கோடுகளும் 2,800 கல்வெட்டுகளும் தங்கின. திருடர்களுக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. 1930களில் பின்யாங் நடுக்குகையிலிருந்து பேரரசர், பேரரசி ஊர்வலப் புடைப்புச் சிற்பங்களைப் பெயர்த்து விற்றார்கள். இன்று ஒன்று நியூயார்க்கிலும் மற்றது கன்சாஸ் சிட்டியிலும் இருக்கின்றன. லோங்மென்னில் தலையில்லாத சிலைகளைப் பார்த்தே அலுத்துவிடும். யுன்காங்கின் 5, 6ஆம் குகைகளுக்குள் வண்ணம் உட்பட எவ்வளவோ மிச்சமிருக்கிறது. குகைகளை வைத்தே சொன்னால் தாதோங் முந்துகிறது.

யுன்காங்குக்கு எதிரி வேறு: கரித்தூள். குகைகளுக்கு எதிரிலேயே நிலக்கரி லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1990களின் கடைசியில்தான் சாலையைத் தள்ளிப் போட்டார்கள். தாதோங்கின் மொத்தக் கதையும் இந்தக் கரிதான். ஜப்பானியர்கள் 1937-இல் பிடித்ததும் முதலில் சுரண்டியது சுரங்கங்களைத்தான். தாதோங்கிலிருந்து சின்ஹுவாங்தாவ் துறைமுகம்வரை 653 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. அதில் 20,000 டன் நிலக்கரியோடு இரண்டரை கிலோமீட்டர் நீள ரயில்கள் போகின்றன. ஆண்டுக்கு 40 கோடி டன்னைத் தாண்டி ஏற்றிய பாதை இது. நீராவி எஞ்சின் பிரியர்களுக்கும் ஊர் தெரியும். இங்கிருந்த தொழிற்சாலை 1988வரை பெரிய நீராவி எஞ்சின்களைக் கட்டியது. இப்போது சுரங்கம் குடைந்து தாழ்ந்துபோன நிலத்தில் சோலார் தகடுகள். அதில் ஒன்று மேலிருந்து பார்த்தால் பாண்டா வடிவம். விளம்பரம்தான், இருக்கட்டும்.

லுவோயாங் ஒரே சரக்கை நம்பவில்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் சோவியத் உதவியோடு வந்த 156 திட்டங்களில் 7 இந்த ஊருக்கு வந்தன. சீனாவின் முதல் டிராக்டர், தோங்ஃபாங்ஹோங், 1958-இல் இங்கேதான் உருண்டு வெளியே வந்தது. பேரிங், சுரங்க இயந்திரம், செம்பு, 1971-இல் மிதவைக் கண்ணாடி என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். காங்கோவில் தோண்டி உலகிலேயே அதிகமாகக் கோபால்ட் எடுக்கும் சி.எம்.ஓ.சி. நிறுவனத்துக்கும் தலைமையிடம் லுவோயாங்தான். பொருளாதார அளவில் லுவோயாங் தாதோங்கைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2021-லிருந்து மெட்ரோவும் ஓடுகிறது. வேலை தேடும் இளைஞன் எங்கே போவான் என்று கேட்கவே வேண்டாம்.

பழைய ஊரை நடத்திய விதத்திலும் லுவோயாங் புத்திசாலி. 1950களிலேயே பழைய நகரத்தை விட்டுவிட்டு, மேற்கே ஜியான்சியில் தொழிற்சாலைகளைக் கட்டினார்கள். அந்தச் செங்கல் குடியிருப்புகளே இன்று பாரம்பரியச் சின்னம். தாதோங்கில் 2008-இல் மேயராக வந்த கெங் யான்போ, மிங் காலத்து மதிலை மறுபடி எழுப்புகிறேன் என்று வீடுகளை வரிசையாக இடித்தார். மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'இடி கெங்'. 2013-இல் மாற்றலாகிப் போனபோது, போக வேண்டாம் என்று மனுப் போட்டவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். மதில் பளபளவென்று புதுசாக இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. உள்ளே இருக்கும் ஹுவாயான் கோயிலின் பெரிய மண்டபங்களும் 45 மீட்டர் நீள ஒன்பது நாகச் சுவரும் அசல்.

இன்னும் கொஞ்சம். தாதோங்கிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் தொங்கும் கோயில். கீழே தெரியும் ஒல்லிக் கம்பங்கள் தாங்குவதாகத் தோன்றும். உண்மையில் பாறைக்குள் செருகிய உத்தரங்கள்தான் தாங்குகின்றன. லுவோயாங் பக்கம் வெள்ளைக் குதிரைக் கோயில் இருக்கிறது. அங்கே இந்தியா கட்டிக்கொடுத்த ஸ்தூபியை 2010-இல் பிரதீபா பாட்டீல் திறந்துவைத்தார். போதிதர்மர் வியந்து நின்றதாகச் சொல்லப்படும் யோங்னிங் கோயில் கோபுரத்தின் அடித்தளமும் இந்த ஊரில்தான். காஞ்சிபுரத்துக்காரர் என்று நாம் கொண்டாடும் அவரை, அந்தச் செய்தியைச் சொல்லும் 6ஆம் நூற்றாண்டு நூல் பாரசீகர் என்கிறது!

லுவோயாங்குக்கு ஏப்ரல்தான் பருவம், பியோனி பூக்கும், கூட்டமும் அள்ளும். தாதோங் கோடையில் இதம், குளிர்காலத்தில் எலும்பு நடுங்கும். பெய்ஜிங்கிலிருந்து தாதோங்குக்குப் புல்லட் ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. வுகோங் என்ற குரங்கு வீரனை வைத்து 2024-இல் வந்த வீடியோ கேம் யுன்காங்கையும் காட்டியதிலிருந்து அங்கும் வரிசை நீளம்தான்.

சாப்பாடு: தாதோங்கில் மாவுக் கட்டியைக் கத்தியால் சீவி நேராகக் கொதிநீரில் விழவைக்கும் நூடுல்ஸ். லுவோயாங்கில் 24 வகைத் 'தண்ணீர் விருந்து'. அதன் முதல் பதார்த்தம் பறவைக்கூடு சூப் போலத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது முள்ளங்கிச் சீவல். முள்ளங்கிதானே என்று சைவர்கள் கை வைத்துவிட வேண்டாம். கூட இருப்பது பெரும்பாலும் கறிச்சாறு.