கடைசி அரை மீற்றர்: ட்ரோனுடன் மூன்று வருடம்

சின்னக் கமரா ட்ரோன் ஒன்றை மூன்று வருடமாகப் பறக்கவிடுகிறேன். கலியாணம், சாமத்திய வீடு, வெள்ளாமைக் காலத்தில் போடியார்மாருக்கு வயல் படம் என்று மட்டக்களப்பு முழுக்க என்னோடு அலைந்த சாமான். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பற்றரி இப்போது முன்புபோல் தாக்குப்பிடிப்பதில்லை, அது எதிர்பார்த்ததுதான். தலையிடி தந்தது தரையை ஒட்டிய கடைசி அரை மீற்றர்.

முதல் மாதமே கல்லடிக் கடற்கரையில் மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தேன். முழங்கால் உயரத்தில் மெத்தையில் மிதக்கிற மாதிரி நின்றுவிட்டது. விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க, பக்கவாட்டில் வழுக்கி மணலில் கவிழ்ந்தது. இரண்டு விசிறி போச்சு, மோட்டருக்குள் மணல். விற்றவரோடு சண்டைக்கே போனேன். பிழை சாமானில் இல்லை. விசிறி தள்ளும் காற்றைத் தரை மறிக்கிறது. காற்று கீழே இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் விரிவதால், அதே விசைக்குத் தூக்கல் கூடிவிடுகிறது. காற்று ஒரே சீராக விரிந்தால் சரி, ஒரு பக்கம் மதிலோ மணல்மேடோ இருந்தால் ஆட்டம்தான்.

"அப்ப ஜெட் நேரே எழும்பவும் தரை உதவும்தானே மாமா?" என்று மருமகன் கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் தேடிப் படித்தேன். அங்கே கதை தலைகீழ்! நேரே எழும்பும் போர் ஜெட்டான ஹாரியரின் நான்கு குழாய்களிலிருந்து வரும் வேகமான காற்று, தரையில் மோதி விரியும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வயிற்றுக்கடியில் அழுத்தம் குறைந்து விமானம் கீழே உறிஞ்சப்படுகிறது. தாரைகள் ஒன்றோடொன்று மோதுமிடத்தில் ஊற்றுப்போல மேலெழும் காற்று வயிற்றைத் தூக்கிக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சூடான காற்று எஞ்சின் வாய்க்குள் போனால் உந்துவிசை விழும். அதனால்தான் 1960 ஒக்டோபரில் ஹாரியரின் முன்னோடியான பி.1127ஐ இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டில் முதன்முதலாகக் கயிறு கட்டி எழுப்பியபோது, குழிக்கு மேல் இரும்புக் கிராதி போட்டு அதில் நிறுத்தினார்கள். ஹாரியரின் பிந்திய வகையான ஏவி-8பியில் அந்த ஊற்றை வயிற்றுக்கடியிலேயே பிடித்துவைக்கத் தடுப்புகள் வைத்தார்கள். நேரே இறங்கக்கூடிய புதிய போர் ஜெட்டான எஃப்-35பியில் முன்பக்கத்து விசிறி தள்ளும் குளிர்ந்த காற்று, பின்னால் வரும் சூட்டை மறிக்கிறது. மருமகனிடம் போய்ப் பதிலைத் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது என் பழக்கம் இதுதான்: எழுப்பும்போது தலைக்கு மேல் போகும்வரை தயங்குவதில்லை, இறக்கும்போது முழங்கால் உயரத்தில் நின்று யோசிப்பதில்லை. மணலில் தடித்த பாய் விரிக்கிறேன். கச்சான் காற்று நாளில் வாவிக்கு மேல் தாழப் பறப்பதை விட்டுவிட்டேன், அலை அசைவில் அடிப்பக்கக் கமரா குழம்பி ட்ரோன் தானாக நகர்கிறது.

மூன்று வருடத்தில் ஒன்பது விசிறி மாற்றியாயிற்று. ஏழு, முதல் வருடக் கணக்கு.