சுங்கை சிப்புட்டில் நாய், பூனைக்கு ஒரு டாக்டர்

மலேசியாவில் எங்கள் தோட்டத்தில் நாய்க்கு முடியவில்லை என்றால் முன்பு ஈப்போ நகரத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இப்போது சுங்கை சிப்புட் டவுனிலேயே, பழைய கடைவீட்டு வரிசையில், ஒரு கிளினிக் இருக்கிறது. என் நாய் கருப்பனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது அங்கேதான் கொண்டுபோனேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நம்பர் கிடையாது, முந்தி வந்தவர் முதலில். உட்காரும் இடத்தில் ஒரே ஒரு காற்றாடி. பூனைக் கூடையும் நாயும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே ரகளை.

டாக்டரம்மா வேறு ரகம். அறைக்குக் கதவில்லை, திரைதான். எல்லாம் காதில் விழும். எனக்கு முன்னால் போன பாட்டி, "ரெண்டு நாளா எனக்குச் சோறே வேணாங்கிறேன் டாக்டர்" என்று நாயாகவே பேசினார். டாக்டர் சிரிக்கவில்லை. "கோழி எலும்பு தின்னியா?" என்று நாயிடமே கேட்டார். பாட்டி மெதுவாக, "ஆமா, கொஞ்சம்" என்றார். இதையே பாட்டியிடம் நேராகக் கேட்டிருந்தால் உண்மை வந்திருக்குமா?

நான் சமூகவியல் படித்தவள், கிளின்டன் சாண்டர்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். பச்சை குத்துவதைப் பற்றி 1989இல் நூல் எழுதிய மனிதர், அப்புறம் நாய் பக்கம் திரும்பி, விலங்கு மருத்துவமனையில் நின்று கவனித்தார். வளர்ப்பவர்கள் நாயின் குரலில் பேசுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். டாக்டர்களுக்கு எரிச்சலூட்டும் நாய்க்காரர்களைப் பற்றியும் 1994இல் ஒரு கட்டுரை உண்டு. என்னை அதில் எந்த வகையில் சேர்ப்பாரோ! அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தில் விலங்குகளுக்கென்று தனிப் பிரிவு வந்ததே 2002இல்தான்.

சரி, கருப்பன் விஷயம். மேலுதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்தார். ஈப்போவில் நாங்கள் போன இடத்தில் ஏசி உண்டு, பேச்சு கிடையாது. டாக்டர் கணினியைப் பார்த்தே மருந்து எழுதினார்.

ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் சேர்த்து 160 வெள்ளி (ரிங்கிட்). ரொக்கம்தான், கார்டு எடுக்கமாட்டார்கள். மாத்திரை உறையில் 'காலை, இரவு, சாப்பிட்ட பிறகு' என்று உதவியாளர் பெண் தமிழிலேயே எழுதித் தருகிறார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடுகிறார்கள். ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை காலையில் மட்டும் போய்விடாதீர்கள், கூட்டம் தாங்காது.